மில்காரருக்குப் போட்ட நாற்காலி

தலைமையாசிரியர் அறவாழிக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. ஊருக்கு வெளியே சின்ன மடம் வைத்திருந்த சிவகாமி அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மனசுக்குள் ஏதாவது குடைந்தால் அறவாழி ஓடுவது அவரிடம்தான்.

அன்றும் ஓடினார். அம்மை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"திலகவதி டீச்சர் வேலையை விட்டுட்டாங்கம்மா. எங்க பள்ளிக்கூடத்துல அவங்களை மாதிரி இன்னொருத்தர் கிடையாது."

"ஏனாம்?"

நின்றபடியே கொட்டித் தீர்த்தார். மகனை டீச்சர் அடித்துவிட்டதாக ரைஸ் மில்காரர் புகாரோடு வந்தார். வகுப்புக்கு வகுப்பு மின்விசிறி மாட்டிக் கொடுத்தவர், கோபக்காரரும்கூட. அறவாழி அவரை உட்காரவைத்து டீ வரவழைத்தார். பிறகு டீச்சரைக் கூப்பிட்டு அவர் எதிரிலேயே விசாரித்தார். பிள்ளைகளையும் கேட்டார். யாரும் யாரையும் அடிக்கவில்லை. அதை மில்காரரிடம் பதமாக எடுத்துச் சொல்லி, சிரித்த முகமாகவே வழியனுப்பினார். மறுநாள் காலையில் டீச்சர் ராஜினாமா கொடுத்தார்.

"டீச்சர் பக்கம்தான் பேசினேன். அப்புறமும் ஏன் போனாங்க? என்மேல என்னம்மா தப்பு?"

"உங்கமேல ஒரு தப்பும் இல்ல."

அறவாழிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தேங்காய் வியாபாரி ஒருவர் வந்தார். "வாங்க, உட்காருங்க" என்று அம்மை பாய் விரித்தார். மோர் கொடுத்தார். மழையைப் பற்றிக் கேட்டார், மகள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். பேச்சு முடிகிற வழியைக் காணோம்.

அறவாழி காலை மாற்றி மாற்றி ஊன்றினார். வியாபாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். என்ன குற்றம் செய்துவிட்டு நிற்கிறாரோ என்று நினைத்திருக்கலாம். அறவாழிக்கு உடம்பெல்லாம் கூசியது.

வியாபாரி படியிறங்கியதுதான் தாமதம், அறவாழி வெடித்துவிட்டார்.

"அப்படி என்னம்மா பண்ணிட்டேன்? முன்னபின்ன தெரியாத ஆள் முன்னாடி இப்படி நிக்க வச்சுட்டீங்களே!"

அம்மை அரிவாள்மனையை மடக்கி வைத்தார்.

"தப்பு இல்லைன்னு அப்பவே சொல்லிட்டேனே."

அறவாழி வியாபாரி உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தார். பிறகு தான் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"என் ரூம்ல சுவரோரமா இன்னொரு நாற்காலி காலியாத்தாம்மா கிடந்துச்சு," என்றார். "எனக்குத் தோணவே இல்லையேம்மா. டீச்சர் புடவைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தாங்க."

அறவாழி செருப்பை மாட்டினார்.

"அண்ணன் வீட்டுலதான் இருக்காங்களாம். இப்பவே போறேன். என்ன சொல்லிக் கூப்பிடுவேன்?"

"கூப்பிடுறது இருக்கட்டும். முதல்ல போய் அவங்க வாசல்ல நில்லுங்க. உங்களைப் பார்த்ததும் அந்தம்மா உள்ள ஓடிப்போய் நாற்காலி எடுத்துட்டு வருவாங்க."