ஆட்காட்டிக் குருவி வாங்கிய பழைய சொல்

கருவேலங்காட்டுக் குளக்கரையில் ஓர் ஆட்காட்டிக் குருவி குடும்பம் நடத்தி வந்தது. பெயர் மஞ்சக்காலன். நெடுநெடுவென்று மஞ்சள் கால்கள், கண்ணோரம் சிவப்புத் தொங்கல், மார்பில் கறுப்புச் சட்டை. ஆள் பார்க்க ஜோர்தான். ஆனால் வாயைத் திறந்தால் குளமே காதைப் பொத்திக்கொள்ளும்.

"டிட்டித்தூ! டிட்டித்தூ!"

நாய் வந்தால் அப்படி. நரி வந்தால் அப்படி. மாடு மேய்ப்பவன் கால் கழுவ வந்தாலும் அப்படித்தான். அந்தச் சத்தத்தை நம்பித்தான் கொக்கு குனிந்த தலை நிமிராமல் மீன் தேடியது. முயல் பட்டப்பகலில் தூங்கியது. நன்றி சொல்ல மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. திட்டுவதற்கு எல்லோருக்கும் தோன்றியது.

அவன் மனைவி செம்மூக்கி அப்போது அடைகாத்துக்கொண்டிருந்தாள். ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவில், கல்லைப் போலவே இருக்கும் முட்டைகளை இட்டு வைக்கும். அடையில் இருப்பவள் வாய் திறந்தால் இடம் தெரிந்துபோகும். ஆகவே கத்துவது முழுக்க மஞ்சக்காலனின் வேலை.

இந்தச் சமயத்தில் ஊரிலிருந்து ஒரு கிளி வந்து சேர்ந்தது. தமிழ் வாத்தியார் ஒருவர் வீட்டுக் கூண்டிலிருந்து தப்பி வந்த கிளி. அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் அதுவும் மனப்பாடம் செய்திருந்தது. வந்த அன்றே மருத மரத்தில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டது.

"குயில் கூவும்! மயில் அகவும்! யானை பிளிறும்! வண்டு முரலும்! காகம் கரையும்!"

காகத்துக்கு வாயிலிருந்த எலி வால் கீழே விழுந்தது.

"கரையுறேனா? நானா? இத்தனை நாளா கத்துறேன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

"ஆந்தை அலறும்!" என்றது கிளி.

"அது சரிதான்" என்று சொல்லிவிட்டு ஆந்தை மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது. தண்ணீரில் கிடந்த எருமை தனக்கு என்ன சொல் என்று கேட்கவே இல்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டது. எனக்கு அந்த எருமையைப் பிடிக்கும்.

மஞ்சக்காலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "எனக்கு? எனக்கு என்ன?"

கிளி தலையைச் சாய்த்து யோசித்தது. "உமக்கென்று தனியாக வாத்தியார் ஒன்றும் சொன்னதில்லை. கழுதை கத்தும், தவளை கத்தும். அவர்களோடு நீரும் சேர்ந்துகொள்ளும்!"

"ஏன், கத்தினா என்ன கேவலமாப் போச்சு?" என்று தவளைக்குக் கோபம் வந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அன்று முழுக்க மஞ்சக்காலனுக்கு இரை இறங்கவில்லை.

"என்னங்க, உடம்புக்கு என்ன?" என்று செம்மூக்கி கேட்டாள்.

"கழுதையும் நானும் ஒண்ணாம்டி!"

"கழுதைக்கு என்ன கொறச்சல்? நல்லாத்தானே இருக்கு."

இதற்குமேல் அவளிடம் பேசிப் பயனில்லை என்று அவன் நேராகக் கிளியிடம் போனான். கொவ்வைப் பழம் ஒன்றை அதன் முன்னால் வைத்தான்.

"ஐயா, எப்படியாவது எனக்கும் ஒரு நல்ல சொல் வேணும்."

கிளி பழத்தைத் தின்றுவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டது. "ஒன்று இருக்கிறது. முற்காலத்தில் கிளி மிழற்றும் என்றுதான் சொல்வார்கள். குழந்தை மழலை பேசுவதுபோல் மெல்ல, இனிக்க, குழைந்து பேசுவதுதான் மிழற்றுவது. இந்தக் காலத்தில் கிளி பேசும் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பழைய சொல் எனக்கு உபயோகம் இல்லாமல் கிடக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும்!"

மஞ்சக்காலனுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆனால் ஒன்று" என்றது கிளி. "மிழற்றுகிறவர் கத்தக் கூடாது. சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்துவிடும்."

"சத்தியமா கத்த மாட்டேன்!"

மறுநாள் காலை அவன் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, கழுத்தை வளைத்து, கண்ணைப் பாதி மூடி, "டி... ட்டி... த்தூ..." என்றான். தொண்டை கட்டிய குஞ்சு ஒன்று தாயைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. குளம் முழுக்க ஒரே பாராட்டு.

"அப்பாடா!" என்றது கொக்கு. "இனிமேலாவது நிம்மதியா மீன் பிடிக்கலாம்."

செம்மூக்கி மட்டும் பாராட்டவில்லை. "என்னங்க, நரி வந்தா என்ன செய்வீங்க?"

"நாகரிகமா எடுத்துச் சொல்லுவேன்!"

அடுத்து வந்தது நாய். மஞ்சக்காலன் நாகரிகமாக எடுத்துச் சொன்னான். நாயின் மூச்சுக்காற்று காதில் பட்ட பிறகுதான் முயல் விழித்தது. வாலில் பாதி மயிரைப் பறிகொடுத்துவிட்டு ஓடிப்போய்ப் புதரில் விழுந்தது.

"ஏன்யா சொல்லல?" என்று பிறகு வந்து கத்தியது முயல்.

"சொன்னேனே! நீங்கதான் தூங்கிட்டீங்க."

விஷயம் நரியின் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? அடுத்த நாள் உச்சி வெயிலில் அது வந்தது. எருமை தண்ணீருக்குள் அசைபோட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்கள் நிழலில் கண்ணயர்ந்திருந்தார்கள். விழித்திருந்தது காகமும், அடையிலிருந்த செம்மூக்கியும், காவலுக்கு நின்ற மஞ்சக்காலனும்தான். நரி கரையில் கால் வைத்ததும் கல்லின் மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"அன்பர்களே... தூக்கம் கெடுவதற்கு மன்னிக்கணும்... நரியார் வருகிறார் போலத் தெரிகிறது..."

"ஆகா! என்ன குழைவு!" என்று காகம் மரத்தில் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது. குரலைக் கேட்டதே தவிர, சொன்னதைக் கேட்கவில்லை.

நரி தயங்கி நின்றது. பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. "அடடா, மாப்பிள்ளை! இது குரலா, கற்கண்டா? எனக்காக இன்னொரு தடவை!"

பிறந்த நாள் முதல் மஞ்சக்காலனிடம் யாரும் இன்னொரு தடவை என்று கேட்டதில்லை. எல்லோரும் போதும் போதும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அந்த மடையன் நரிக்காகக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் மிழற்றினான்! இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நரி கூழாங்கற்களை மோந்து மோந்து நடந்தது. அதன் மூச்சு முதுகில் படும்வரை செம்மூக்கி கல்லோடு கல்லாகக் கிடந்தாள். அதற்குமேல் முடியவில்லை. எழும்பி நரியின் முகத்தில் இறக்கையால் அறைந்தாள். நரி தடுமாறியது. அதன் முன்னங்கால் ஒரு முட்டையின் மேல் இறங்கியது.

"யோவ்! கண்ணத் தொறந்து பாருய்யா! நம்ம புள்ளைங்கய்யா! கத்துய்யா!"

மஞ்சக்காலன் கண்ணைத் திறந்தான். நரியின் காலில் மஞ்சள் கரு வழிந்துகொண்டிருந்தது.

"டிட்டித்தூ! டிட்டித்தூ! டிட்டித்தூ!"

அப்படி ஒரு கத்தல் அந்தக் குளம் அதுவரை கேட்டதில்லை. காகம் கிளையிலிருந்து விழப்போய்ச் சமாளித்துப் பறந்து வந்து கொத்தியது. மயில் எழுந்தது. ஆந்தை விழித்தது. எருமை பாதிக் குளத்துச் சேற்றைச் சுமந்துகொண்டு தண்ணீரிலிருந்து கிளம்பியது. யார் அகவினார்கள், யார் கரைந்தார்கள், யார் அலறினார்கள் என்று கேட்டு ரசிக்க நரிக்கு நேரமில்லை. எருமையின் கொம்பு பின்புறத்தில் பட்டதும் ஊளையிட்டுக்கொண்டே ஓடியது. நரி ஊளையிடும் என்று வாத்தியார் சொன்னது ரொம்பச் சரி.

செம்மூக்கி மிச்ச முட்டைகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள். உடைந்த ஓட்டின் பக்கத்தில் மஞ்சக்காலன் தலைகுனிந்து நின்றான். "செம்மூக்கி... நான் வந்து..." என்று மெல்ல, குழைந்து ஆரம்பித்தான்.

"அந்தக் குரல்ல என்கிட்ட பேசாதீங்க" என்றாள் அவள்.

அன்று மாலை கிளி இன்னொரு கொவ்வைப் பழம் கேட்டு வந்தது.

"உன் சொல்ல நீயே எடுத்துக்கிட்டுப் போ!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான் மஞ்சக்காலன்.

"எனக்கு எதற்கு? நான்தான் பேசுகிறேனே" என்றது கிளி.

அதனால் அந்தச் சொல் அந்தக் கரையிலேயேதான் கிடக்கிறது. இடையில் ஒரு மழை நாளில் தவளை அதை எடுத்து மிழற்றிப் பார்த்ததாம். வயிறு வீங்கியதுதான் மிச்சம்.

முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வெளியே வந்தன. ஈரம் காய்வதற்குள் மஞ்சக்காலன் அவற்றை வரிசையாக நிறுத்தி, "வாய நல்லாத் தொறங்கடா! இன்னும் சத்தமா!" என்று பழக்கத் தொடங்கினான். கொக்கு காதைப் பொத்திக்கொண்டது. ஆனால் திட்டவில்லை.

அழகான பெயருக்கு ஆசைப்பட்டுத் தன் சொந்தக் குரலை அடக்கிக்கொள்கிறவன், ஆபத்து வரும்போது தன்னையும் தன்னை நம்பியவர்களையும் காக்க முடியாமல் தவிப்பான்.