அரை மணி நேரம் தாராளம்

கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கும் மாடத்தி மேல் சங்கிலித் திருட்டு வழக்கு. வக்கீல் வைக்க வசதியில்லாமல் அவளே கூண்டில் நின்று பேசினாள். சாட்சிகள் சொன்னதன் நகலை அவளுக்கு முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். அரசு வக்கீல் தாண்டவமூர்த்தியோ விசாரணை அன்று காலையில்தான் இருநூறு பக்கக் கட்டை அவள் கையில் திணித்தார்.

"படிக்க அவகாசம் வேணும் ஐயா" என்றாள் நீதிபதியிடம்.

"எதுக்கு? அரை மணி நேரம் தாராளம்!" என்று சிரித்தார் வக்கீல்.

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அரை மணியில முடியும்னு சொல்ற சாரே சத்தமா வாசிச்சுக் காட்டட்டும் ஐயா."

நீதிபதி சம்மதித்தார். வக்கீல் மூச்சுவிடாமல் வாசித்தார். அரை மணி முடிந்தபோது பதினெட்டாம் பக்கம்தான் வந்திருந்தது. அது சமையல்காரரின் வாக்குமூலம்: "சங்கிலி காணாமல் போன நேரத்தில் மாடத்தி என்னோடு அடுப்படியில்..." வக்கீலின் குரல் உள்ளே போனது.

"கேக்கல சார், இன்னும் சத்தமா" என்றாள் மாடத்தி.

"இதை மறைக்கத்தான் இத்தனை தாமதமா?" என்றார் நீதிபதி.

சமையல்காரரை அழைத்து விசாரித்த நீதிபதி மாடத்தியை விடுதலை செய்தார். எப்போதும் பின்வாசல் வழியாக வேலைக்குப் போகும் அவள், அன்று மாலை மண்டபத்துக்குள் முன்வாசல் வழியாகவே நிமிர்ந்து நடந்து போனாள்.