பாட்டு ஓடிய லைன்

புது போனிலும் கை பாதியில் நின்றது.

நவமணி அந்த போனை பிராட்பேண்ட் ஆபீஸ் மேசை மேல் வைத்து ஒரு படத்தைக் காட்டினாள். முந்தின நாள் வீடியோ காலில் பிடித்து வைத்தது. அவள் புருஷன் சின்ராசு முகம் கட்டம் கட்டமாக இருக்க, ஒரு கை மட்டும் மேலே தூக்கினபடி நிற்கிறது. என்ன சொல்ல வந்தான் என்று யாருக்கும் தெரியாது.

நவமணிக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. சின்ராசுவுக்கும் அப்படித்தான். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இவள் ஏரிக்காட்டில் மாமியாரோடு இருக்கிறாள். இரண்டு பேருக்கும் பேச்சு என்றால் வீடியோ காலில் கைதான். டவர் சிக்னல் அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது. அதனால்தான் ஏரிக்காட்டில் முதல் ஆளாக அவள் பிராட்பேண்ட் போட்டாள்.

ஒரு மாதமாகச் சரியாகப் பேச முடியவில்லை. இவளே வேண்டுமென்று கட் பண்ணுகிறாள் என்று அவனுக்குக் கோபம். பிடிக்கலைன்னா சொல்லிவிடு என்று மெசேஜ் போட்டிருந்தான். அதையும் காட்டினாள்.

மேசைக்கு இந்தப் பக்கம் குருவும் சீடரும் இருந்தார்கள்.

குரு என்றால் தாடி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்த வட்டாரத்துக்கு பிராட்பேண்ட் லைன் கொடுக்கிற பூங்கோதைதான் குரு. வயசு இருபத்தாறு. சீடர் பொங்கியண்ணன், அவளைவிட இருபது வயசு பெரியவர். கேபிள் டிவி காலத்தில் அவள் அப்பாவிடம் லைன்மேனாக இருந்தவர். டிஷ் வந்து கேபிள் படுத்த பிறகு, இவளிடம் ஃபைபர் வேலை கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொண்டதாக அவரே சொல்லிக்கொள்வார்.

ஏரிக்காட்டு லைன் அவர் இழுத்ததுதான்.

"போன மாசமே போய்ப் பாத்தனுங்க அம்மணி. லைன் சுத்தம். அந்த ஊமைப் பொண்ணு போன்லதான் கோளாறு."

"நவமணி."

"நவமணி போன்லதான் கோளாறு."

"எப்படிப் பாத்தீங்க?"

"பாட்டு போட்டனுங்க. முழுப் பாட்டும் நிக்காம ஓடுச்சு. லைன் கெட்டிருந்தா ஓடுமுங்களா?"

கேபிள்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். படம் தெரிந்தால் லைன் நல்ல லைன். பொங்கியண்ணன் அன்றைக்கும் ஒரு குத்துப் பாட்டைப் போட்டு, பாதிக்குத் தலையும் ஆட்டியிருக்கிறார். பிறகு அவள் போனைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து உதறியிருக்கிறார். போச்சு, வேறே வாங்கு என்று அர்த்தம்.

நவமணி இவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை நீட்டினாள். கொம்பு. அப்புறம் பால் கறப்பது மாதிரி கையை இழுத்தாள். அதைப் பிடித்து யாரிடமோ கொடுப்பது மாதிரி கொடுத்தாள். கடைசியில் புது போனைத் தொட்டாள்.

பூங்கோதைக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. பொங்கியண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது: பால் ஆட்டை விற்று வாங்கின போன். மாமியார் காபிக்கு அந்த ஆட்டுப் பால்தான் என்று அவருக்குத் தெரியும். போன தடவை அவரும் குடித்திருக்கிறார்.

அவர் தரையைப் பார்த்தார்.

மூன்று பேரும் ஏரிக்காட்டுக்குப் போனார்கள். வழியில் அவர் மட்டும் பேசிக்கொண்டே வந்தார். ரவுட்டர் மேல் துணி கிடந்திருக்கும், எலி கடித்திருக்கும், கரண்ட் ஏறி இறங்கியிருக்கும் என்று வரிசையாக. 

வீட்டுக்கு வந்ததும் அவரை டவர் சிக்னல் கிடைக்கிற ரோட்டு மேட்டில் போய் நிற்கச் சொன்னாள். இவள் உள்ளே போய், நவமணி போனிலிருந்து அவருக்கு வீடியோ கால் போட்டாள்.

அவர் எடுத்தார். "சொல்லுங்க அம்மணி."

அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு கையைத் தூக்கினாள். அது அப்படியே நின்றது. அவர் காத்திருந்தார். முகம் கட்டம் கட்டமானது. திடீரென்று கை வேறு எங்கோ இருந்தது. மறுபடி நின்றது. "ஹலோ, ஹலோ" என்றார். போனை ஆட்டிப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு பெரியவர், என்ன பொங்கா, போனுக்கு மந்திரிக்கிறியா என்று கேட்டார்.

பூங்கோதை மேடேறி வந்தாள்.

"நான் என்ன கேட்டேன்?"

"தெரியலீங்க."

"பாட்டு போட்டுப் பாக்கறீங்களா?"

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"பாட்டு அந்தப் பக்கமிருந்து மட்டும் வருது. கொஞ்சம் முன்னாடியே வந்து சேந்துக்கும். நடுவுல விட்டுப்போனா, மறுபடி வாங்கிக்கும். இவங்க பேச்சு எப்படிங்கண்ணா காத்திருக்கும்?"

வீட்டுக்குத் திரும்பி, உள்ளே வருகிற வெள்ளை ஒயரின் முனையைக் கழற்றி, சிவப்பு வெளிச்சம் அடிக்கிற பேனாவை அதில் செருகினாள். ஒயருக்குள் வெளிச்சம் ஒழுங்காகப் போனால் வெளியே ஒன்றும் தெரியாது. எங்கே ஒழுகுகிறதோ அங்கே தெரியும். அவரை வாசல் போஸ்ட்டில் ஏணி வைத்து ஏறிப் பார்க்கச் சொன்னாள்.

அவர் ஏறினார். வெயிலுக்கு இரண்டு கையையும் குவித்து ஒயர் நெடுகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒயரை மாட்டியிருந்த கொக்கி வந்த இடத்தில் கை நின்றது.

அங்கே ஒரு முடிச்சு. கேபிள் டிவி ஒயரை இறுக்கிக் கட்டுகிற முடிச்சு. அவர் கட்டினால் புயலுக்கும் அவிழாது என்று பெயர். ஃபைபரை இப்படி மடிக்கக் கூடாது என்று பூங்கோதை முதல் நாளே சொல்லியிருந்தாள். காற்றுக்கு ஆடுமே என்று அவர் கட்டிவிட்டார்.

குவித்த கைக்குள் முடிச்சு செக்கச்செவேலென்று இருந்தது.

"என்னங்கண்ணா தெரியுது?" கீழேயிருந்து கேட்டாள்.

அவர் ரொம்ப நேரம் இறங்கவில்லை.

இறங்கியதும் மடமடவென்று பேசினார். முடிச்சை வெட்டிவிட்டு இப்போதே ஒட்டிவிடுகிறேன் என்றார். இந்த மாதம் காசு வாங்க வேண்டாம் என்றார். ஆட்டை யார் வாங்கினார்களோ, போய்க் கேட்டு மீட்டுத் தந்துவிடுகிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார்.

"ஆடு அப்புறம். லைனைச் சரி பண்ணுங்க. பண்ணிட்டு, போன் மேல தப்பில்ல, தப்பு உங்களுதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"எனக்குக் கை பாஷை தெரியாதுங்களே அம்மணி."

"போன் கெட்டுப்போச்சுன்னு கையாலதானே சொன்னீங்க. அது புரிஞ்சுதில்ல?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"போஸ்ட்டைக் காட்டுங்க. அப்புறம் உங்க நெஞ்சத் தொடுங்க. போதும்."

ஃபைபர் ஒட்டுகிற மெஷினை அவரிடம் விட்டுவிட்டு, அடுத்த ஊர் வேலைக்கு அவள் வண்டியைக் கிளப்பினாள்.

அவர் வேலையை நன்றாகவே செய்தார். முடிச்சை வெட்டி எடுத்து, முனைகளைச் சேர்த்து ஒட்டி, ஒயரைப் பெரிய வளையமாகச் சுற்றித் தொங்கவிட்டார். பாட்டு போட்டுப் பார்க்கவில்லை.

நவமணி சின்ராசுவைக் கூப்பிட்டாள். அவன் எடுத்தபோது முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. இவள் கை அசைந்தது. அவன் கை அசைந்தது. எங்கேயும் நிற்கவில்லை. இவள் வேகமாக ஏதோ திட்டினாள், அவன் திருப்பித் திட்டினான். கொஞ்ச நேரத்தில் இருவரும் அழுதார்கள். அப்புறம் அவன் என்னவோ சொல்ல, இவள் வெட்கப்பட்டு போனைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பொங்கியண்ணன் வேறு பக்கம் பார்த்தார்.

பேசி முடித்ததும் அவள் அவரிடம் வந்தாள். புது போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அலமாரியில் கிடந்த பழைய போனைக் காட்டி, கையை விரித்து உதறினாள். அன்றைக்கு அவர் உதறினது மாதிரியே. அப்புறம் அவரைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினாள். போன் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, லைன் அப்புறம்தான் கெட்டது என்று அவள் நினைப்பு.

அவர் தலையாட்டிவிட்டார்.

மாமியார் டம்ளர் நிறைய டீ கொண்டுவந்து கொடுத்தார். பால் இல்லாத டீ. தப்பா நினைக்காதீங்க தம்பி என்றார்.

வீட்டு வைஃபையில் போட்டிருந்த அவர் போன் அடித்தது. பூங்கோதை.

"சொல்லிட்டீங்களாண்ணா?"

"லைன் நல்லா இருக்குதுங்க அம்மணி. ரெண்டு பேரும் பேசிட்டாங்க."

"அத நான் கேக்கல."

அவர் ஒரு வாய் டீ குடித்தார்.

"இன்னும் அங்கதான இருக்கீங்க? அவங்களும் எதுக்கதான இருக்காங்க?"

"ஆமாங்க."

"அப்புறம் என்ன?"

"கையில டீ இருக்குதுங்க."

அவள் போனை வைக்கவில்லை. 

அவர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். நவமணி எதிரில்தான் நின்றாள், சிரித்த முகத்தோடு. அவர் போஸ்ட்டைக் காட்டவில்லை, நெஞ்சைத் தொடவில்லை. ஏணியை மடக்கினார்.