பாய்ச் சைக்கிளில் போன புல்

அந்தக் காலத்தில் கடற்கரையில் உள்ள எல்லாவற்றுக்கும் பேச்சு இருந்தது. நண்டு பேசும், ஆமை பேசும், மணல்மேட்டில் படர்ந்து கிடக்கும் புல்லும் பேசும். வலை காயப்போடும்போது மனிதர்கள் அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டே காயப்போடுவார்கள்.

செந்தாழை என்ற ஊரில் மதலேனாள் என்றொருத்தி இருந்தாள். படகுகளுக்குப் பாய் தைப்பது அவள் வேலை. கணவன் இன்னாசி கடலுக்குப் போகிறவன். விடியலில் கரை ஏறினால் பகல் முழுக்கத் தூங்குவான். ஒரு மழைக்காலத்தில், தைக்கப் பாய் எதுவும் வராத நாட்களில், மதலேனாள் தனக்கென்று ஒரு சைக்கிள் செய்துகொண்டாள். உடைந்த வள்ளத்தின் பலகையில் சட்டம் கட்டினாள். முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாகச் சக்கரங்கள்; மணலில் புதையாதபடி தென்னங்கயிற்றைச் சுற்றிச் சுற்றிப் பருக்கவைத்திருந்தாள். மிதிப்பதற்கு எதுவும் கிடையாது. நடுவில் ஒரு மூங்கில், மூங்கிலில் ஒரு சின்னப் பாய். கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும்; கரையோரமாகப் போகவும் வரவும் அந்த ஒரே காற்று போதும்.

வெயில் தாழ்ந்ததும் அவள் கிளம்பிவிடுவாள். எங்கே போகிறாய் என்று கேட்டவர்களிடம், சும்மா ஒரு சுற்று என்றாள். மீன் வாங்கவா, சந்தைக்கா, கோயிலுக்கா என்று தோண்டித் தோண்டிக் கேட்டார்கள். ஒன்றுக்கும் இல்லை என்றாள். ஒன்றுக்கும் இல்லாமல் ஒருத்தி போவதும் வருவதும் ஊருக்குப் புதிதாக இருந்தது.

கொஞ்ச நாளில் பிராணிகள் தங்களையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டன. நண்டு கைப்பிடியைக் கவ்விக்கொண்டு வந்தது. முட்டையிடக் கரைக்கு வந்த ஆமையை மடியில் வைத்துக்கொண்டு ஒருநாள் போனாள். மணலில் நடந்து நடந்தே அலுத்திருந்த ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது. தரைமேல் போகிற மாதிரியே இல்லை, தண்ணீருக்குள் போகிற மாதிரி இருக்கிறது என்று அது சொன்னது. அந்த ஓட்டத்தில் சத்தமே இருக்காது. பாய் லேசாக மூச்சு விடும். பக்கத்தில் அலை வந்து, தொடாமல் திரும்பும். ஈரமணலில் வானம் கிடக்கும். அதன்மேல் சக்கரம் போகும்.

ஊருக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மணல்மேட்டில் புற்கள் குடியிருந்தன. ஒன்றின் வேரை ஒன்று பிடித்துக்கொண்டு, மேடு நகராமல் அவைதான் காத்தன. அவற்றில் இளையவளுக்குச் சின்னவள் என்று பேர். மதலேனாள் திரும்பி வரும் வழியில் பாயைச் சுருட்டிவிட்டு அவள் பக்கத்தில் உட்காருவாள். சின்னவள் விடாமல் கேட்பாள். ஆற்றுவாயில் தண்ணீர் எந்த நிறம், அங்கே யார் இருக்கிறார்கள், அதற்கப்பால் என்ன. மதலேனாளும் ஒன்று விடாமல் சொல்வாள்.

ஒருநாள் சின்னவள் கேட்டாள்: "அக்கா, என்னையும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போறியா?"

மதலேனாள் பதில் சொல்வதற்குள் மேட்டின் மூத்த புல் குறுக்கே பேசியது. நாம் பிடியை விட்டால் மணல் வீட்டுக்குள் வரும், அதை மறந்துவிட்டு ஆசைப்படாதே என்றது. மதலேனாளும் அது சரிதான் என்று எழுந்து போய்விட்டாள்.

அதன்பிறகு சின்னவள் எதையும் கேட்கவில்லை. மதலேனாள் வந்து உட்கார்ந்தாலும் கடலைப் பார்த்தபடி கிடந்தாள். ஏற்றிக்கொண்டு போனவர்களின் சந்தோஷமெல்லாம் மதலேனாளுக்கு மறந்துபோயிற்று. ஏற்றிக்கொள்ளாத ஒருத்தியின் மௌனம்தான் கூடவே வந்தது. பாய் தைக்கும்போதும் வந்தது, சோறு வடிக்கும்போதும் வந்தது.

கடைசியில் ஒரு பிற்பகல், மூத்த புல் வெயிலில் கண்ணயர்ந்திருந்த நேரம், மதலேனாள் ஓலைப்பெட்டியில் ஈரமணல் நிரப்பிக்கொண்டு மேட்டுக்குப் போனாள். சின்னவளின் வேரைச் சுற்றிக் கையாலேயே தோண்டினாள். பக்கத்து வேர்கள் இறுகப் பிடித்திருந்தன. ஒவ்வொரு பிடியாக விலக்கி அவளை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து நட்டுவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்குப் போல அந்தச் சைக்கிள் என்றைக்கும் ஓடியதில்லை. உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாகப் பின்னால் போயின. பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றபடி தலை திருப்பின. சின்னவள் இலைகளெல்லாம் ஒரே பக்கமாகச் சாய, முன்சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆற்றுவாயில் பச்சைத் தண்ணீரும் நீலத் தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காமல் கொஞ்ச தூரம் கூடவே போவதை இருவரும் வெகுநேரம் பார்த்தார்கள். காற்று பலத்திருப்பதை மதலேனாள் கவனித்தாள். சீக்கிரம் போகலாம் என்று நினைத்து மகிழ்ந்தாள்.

திரும்பும்போது தூரத்திலிருந்தே ஊர் குட்டையாகத் தெரிந்தது.

சின்னவள் இருந்த இடத்தில் மேடு வாய் திறந்திருந்தது. அந்த வழியாக மணல் ஆறுபோல இறங்கிக்கொண்டிருந்தது. முதல் வீடு மதலேனாளின் வீடு. கூரை மட்டும்தான் வெளியே இருந்தது. பகல் தூக்கத்தில் இருந்த இன்னாசி உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தான். ஊரார் பெட்டியாலும் தட்டாலும் அள்ள அள்ள மணல் வந்து மூடியது.

மதலேனாள் வீட்டை நோக்கி ஓடினாள். பெட்டிக்குள்ளிருந்து சின்னவள் கூப்பிட்டாள்.

"அக்கா, வீட்டுக்குப் போகாதே. முதல்ல என்னை நடு. நான் பிடிக்காம அவங்க அள்ளி மாளாது."

மதலேனாள் நின்றாள். கூரையைப் பார்த்தாள். பிறகு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டில் ஏறினாள். அவள் வாழ்நாளில் நடந்த நடையிலெல்லாம் அந்த நடைதான் நீளமானது. திறந்த வாயில் இடுப்பளவு மணலில் நின்று சின்னவளை ஊன்றினாள். சின்னவள் அதுவரை எந்தப் புல்லும் போகாத ஆழத்துக்கு வேரை இறக்கினாள். இரண்டு பக்கத்து வேர்களையும் எட்டிப் பிடித்தாள். மணல் முனகிக்கொண்டே நின்றது.

கூரையைப் பிரித்தபோது இன்னாசி கட்டில்மேல் ஏறி, கழுத்தளவு மணலில் நின்றிருந்தான். தூக்கி வெளியே உட்காரவைத்தார்கள். வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு மனைவியைப் பார்த்தான். நடந்ததை அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"எது வரைக்கும் போனீங்க?" என்றான்.

"ஆத்துவாய் வரைக்கும்."

"என்னைய ஒருநாளும் நீ கூப்பிட்டதில்லையே."

அதுவரை அழாத மதலேனாள் அப்போதுதான் அழுதாள்.

சைக்கிளை உடைத்து அடுப்பில் வைக்க வேண்டும் என்று ஊர் சொன்னது. அவளும் அரிவாளை எடுத்துவிட்டாள். இன்னாசிதான் பிடுங்கி வைத்தான். மறுவாரம் அவனும் பின்னால் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்தான்.

சின்னவளிடம் போக மதலேனாளுக்குக் கூச்சமாக இருந்தது. தெற்கிலிருந்து சோழகக் காற்று கிளம்பும் பருவத்தில் சின்னவளே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். நண்டு வந்து சொன்னது. போய்ப் பார்த்தால், சின்னவள் பூத்துக் காய்த்திருந்தாள். அதற்கு முன்பு அந்த மேட்டில் யாரும் பார்த்திராத காய்க்கொத்து. உருண்டையாக, நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் கம்பி கம்பியாக முள் நீட்டிக்கொண்டு, எப்படிப் போட்டாலும் உருளுகிற மாதிரி இருந்தது.

"நான் இனி எங்கேயும் வரமாட்டேன் அக்கா. நான் பார்த்ததை வச்சு இவளைச் செஞ்சேன்," என்றாள் சின்னவள். "காம்பைக் கிள்ளி விடு."

மதலேனாள் கிள்ளி விட்டாள். தெற்கிலிருந்து வந்த காற்று அந்த உருண்டையைத் தூக்கி ஈரமணலில் வைத்தது. அது ஓடத் தொடங்கியது. மதலேனாள் பாயை விரித்துக் கூடவே போனாள். உப்பளம் தாண்டி, பூநாரைகளைத் தாண்டி, ஆற்றுவாய் வரை போனாள். சைக்கிள் அங்கே நின்றது. உருண்டை ஈரத்தில் ஒருமுறை தயங்கி, தண்ணீர்மேல் மிதந்து அக்கரை ஏறி, அவளுக்குத் தெரியாத மணலில் சிறிதாகிச் சிறிதாகிப் போயிற்று. அது எங்கோ நின்ற இடத்தில் விதை உதிர்ந்து, அங்கும் ஒரு மேடு உண்டானதாக அடுத்த பருவத்தில் ஆமை வந்து சொன்னது.

முள்ளைப் பார்த்து அந்தப் புல்லுக்கு இராவணன் மீசை என்று பேர் வைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். அன்று முதல்தான், தாய்ப்புல் மணலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடக்க, அதன் பிள்ளைகள் காற்று காலத்தில் கடற்கரையெல்லாம் உருண்டு போகின்றன. எதிரே வருகிறவர்களும் மறிக்காமல் ஒதுங்கி வழிவிடுகிறார்கள்.