மாவு மாத்திரை

கடலோர ஊர் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பெனிட்டா என்று ஓர் ஆசிரியை இருந்தார். அதிகம் பேசமாட்டார். அவரிடம் மேற்படிப்புக்கு வந்து சேர்ந்த டாக்டர் ஆவுடைநாயகி, வயதில் அவரைவிட எட்டு ஆண்டு மூத்தவர்.

ஆவுடைநாயகி கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். பிள்ளைகள் இருவரையும் கல்லூரியில் சேர்த்துவிட்டு, தானும் ஒரு பையை மாட்டிக்கொண்டு படிக்க வந்துவிட்டார். ஆசிரியையை அவர் "மேடம்" என்பார். ஆசிரியை அவரை "டாக்டர்" என்பார்.

மேற்படிப்பு முடிக்க ஓர் ஆய்வு செய்தாக வேண்டும். சர்க்கரை நோய் முற்றிய பலருக்குப் பாதம் எரியும். நெருப்பில் நிற்பதுபோல் இருக்கும். அதற்கென்று ஒரு சிவப்பு மாத்திரையை எல்லா டாக்டர்களும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆவுடைநாயகியும் எழுதியவர்தான். அது நிஜமாகவே எரிச்சலைக் குறைக்கிறதா என்று பார்ப்பதே ஆய்வு.

சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. இதையெல்லாம் முன்கூட்டியே விளக்கிச் சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் சேர்த்தார்கள்.

மாதந்தோறும் அவர்கள் வந்தார்கள். சோதனைக்கு முன்பு பாதம் சுத்தமாக இருக்க வேண்டும். ஆகவே ஆவுடைநாயகி ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவர் காலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுவார். விரல் இடுக்குகளைத் துடைப்பார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் இங்கும் அங்கும் தொட்டு, "இது தெரியுதா? இது?" என்று கேட்பார். வெடிப்பு இருந்தால் களிம்பு தடவுவார்.

ஒரு வருடம் போயிற்று. முடிவைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். மருந்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எரிச்சல் நன்றாகக் குறைந்திருந்தது. மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அதே அளவு குறைந்திருந்தது.

ஆவுடைநாயகி அந்தத் தாள்களோடு பெனிட்டாவின் அறைக்குப் போனார்.

"மேடம், ஒரு வருஷம் வீணாப் போச்சு."

"என்ன வீணாப் போச்சு?"

"மாத்திரைக்கும் மாவுக்கும் வித்தியாசமே இல்லை. மாத்திரை வேலை செய்யலை."

"அது செய்யுதா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தானே கேட்டோம்?"

"செய்யும்னு நம்பித்தான் மேடம் கேட்டேன்."

பெனிட்டா தாள்களை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஆவுடைநாயகி தயங்கித் தயங்கிச் சொன்னார். "கூடப் படிக்கிற ரோஷன் ஒரு வழி சொல்றான். சில பேர் ஒண்ணு ரெண்டு மாசம் வரலை. ஒழுங்கா வராதவங்கன்னு அவங்களைக் கணக்குலேருந்து எடுத்துட்டா மாத்திரை ஜெயிச்சிடுமாம்."

"யாரை எடுக்கணும்?"

"பேர் குறிச்சு வச்சிருக்கேன்."

"வாய்விட்டுப் படிங்க."

ஆவுடைநாயகி படிக்கத் தொடங்கினார். "சண்முகக்கனி." நிறுத்தினார். சண்முகக்கனி மகள் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவள். அந்த அலைச்சலிலும் வேளை தவறாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டதாகச் சொல்லியிருந்தாள். "இன்னாசிமுத்து." மீன்பிடிக்கப் போன இடத்தில் புயல் எச்சரிக்கை வந்து அடுத்த துறைமுகத்தில் ஒதுங்கிவிட்டவர், திரும்பிய அன்றே கருவாட்டு மணத்தோடு நேராக இங்கே வந்து, "கோவிச்சுக்கிடாதீங்க டாக்டரம்மா" என்று நின்றவர். "பேச்சித்தாய்." உப்பளத்தில் மழைக்கு முன்னால் உப்பு வாரியாக வேண்டுமென்று ஒரு மாதம் வராமல் போனவள்.

அதற்குமேல் ஆவுடைநாயகி படிக்கவில்லை. தாளை மடித்துக்கொண்டார்.

"எடுக்க வேணாம் மேடம்."

பெனிட்டா தலையசைத்தார். பிறகு கேட்டார். "முடிவை அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"யார்கிட்ட?"

"மாத்திரை சாப்பிட்டவங்ககிட்ட."

"அப்படி யாரும் சொல்றதில்லையே மேடம். பத்திரிகைக்கு அனுப்புவோம். மாநாட்டுல பேசுவோம்."

"மாத்திரையை விழுங்கினது மாநாட்டுக்காரங்களா?"

"கோபப்படுவாங்க மேடம். மாவைக் கொடுத்து ஏமாத்திட்டீங்கன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

"அவங்க முன்னால நின்னு நான் என்ன பேசறது?"

"முதல்ல நன்றி சொல்லுங்க. அப்புறம் முடிவைச் சொல்லுங்க."

அறைக்கு வெளியே வந்து நடக்கும்போது ஆவுடைநாயகி அதையே நினைத்துக்கொண்டு போனார். இத்தனை வருட வேலையில் நோயாளிகள் அவருக்கு எவ்வளவோ முறை நன்றி சொல்லியிருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். முருங்கைக்காயும் பனங்கிழங்கும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஒரு நோயாளிக்குத் தான் நன்றி சொன்ன ஞாபகம் அவருக்கு இல்லை.

அது மழைக்காலம். உப்பளங்களில் வேலை நின்றிருந்தது. அதனால் கூப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் வந்துவிட்டார்கள். புறநோயாளிகள் கூடத்தில் பெஞ்சுகளைப் போட்டு எல்லோருக்கும் டீயும் சுண்டலும் கொடுத்தார்கள். பெனிட்டா பின்வரிசையில், நோயாளிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆவுடைநாயகி எழுந்து நின்றார். வீட்டில் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்த நன்றியெல்லாம் மறந்துபோயிற்று. நேரே முடிவுக்குப் போய்விட்டார்.

"நாம பார்த்த அந்தச் சிவப்பு மாத்திரை எரிச்சலுக்கு உதவலை. மருந்து சாப்பிட்டவங்களுக்கும் மாவு சாப்பிட்டவங்களுக்கும் ஒரே மாதிரிதான் குறைஞ்சிருக்கு."

மழைத் தண்ணீர் கூரைத் தகரத்திலிருந்து வடியும் சத்தம் மட்டும் கேட்டது.

டீக்கடை மைதீன் எழுந்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவர். நாளெல்லாம் அடுப்பு முன்னால் நின்றே வேலை செய்கிற மனுஷர்.

"அப்படின்னா ஒரு வருசமா சும்மா முழுங்கச் சொன்னீங்களா? கடையை அடைச்சுப் போட்டுட்டு மாசாமாசம் வந்தேனே!"

"சும்மா இல்லை அண்ணாச்சி..."

"பின்ன என்ன? பலன் இல்லைன்னு நீங்களே சொல்லுதீங்களே!"

ஆவுடைநாயகி பின்வரிசையைப் பார்த்தார். பெனிட்டா எழுந்து வந்து காப்பாற்றுவதாக இல்லை. டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பலன் இல்லைன்னு நேத்துவரைக்கும் யாருக்கும் தெரியாது அண்ணாச்சி" என்றார் ஆவுடைநாயகி. "எனக்கே தெரியாது. ஊரெல்லாம் எழுதிக் கொடுத்துக்கிட்டுத்தான் இருந்தோம். நீங்க எல்லாரும் வந்ததாலதான் இன்னைக்குத் தெரியுது."

மைதீன் உட்காரவில்லை. யோசித்தார்.

"எம் மச்சானும் அதைத்தான் முழுங்குதான். அதைப் போட்டா அவனுக்கு வயித்தைப் பிரட்டும். ஆனாலும் எரிச்சலுக்குப் பயந்து விடாம போடுவான். நிறுத்தச் சொல்லலாமா?"

"அவரை இங்க கூட்டிட்டு வாங்க. பார்த்துட்டு நிறுத்திடலாம்."

"அப்ப நாங்க முழுங்கினது அவனுக்காகன்னு சொல்லுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார் மைதீன். குரலில் கோபம் பாதி இறங்கியிருந்தது. பக்கத்திலிருந்த இன்னாசிமுத்து அவர் தொடையில் தட்டிக் கொடுத்தார்.

அதற்குள் முன்வரிசையில் பேச்சித்தாய் கையைத் தூக்கினாள். ஆவுடைநாயகி இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தார். வந்தவர்களிலேயே அதிகமாகக் குணமானவள் அவள்தான். முதல் மாதம் வந்தபோது ராத்திரியெல்லாம் ஈரச் சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னவள். நாலாம் மாதத்திலேயே தூங்கத் தொடங்கிவிட்டாள். அந்த மாத்திரையையும் வாராவாரம் சாமி கும்பிடும்போது சேர்த்துக் கும்பிடுவதாகக்கூடச் சொல்லியிருந்தாள்.

"டாக்டரம்மா, எனக்குக் குடுத்தது எது? மருந்தா, மாவா?"

"மாவு, பேச்சித்தாய்."

"மாவா?"

"ஆமா."

பேச்சித்தாய் வாயில் முந்தானையை வைத்துச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவே இல்லை. பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"ஏ தாயி, மாவுக்கா இத்தனை நாளும் சூடம் கொளுத்தினேன்!"

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "சரி, இனிமே மாத்திரை கிடையாதுன்னா நாங்க இங்க வரவும் கூடாதா?"

"எதுக்கு வரணும் பேச்சித்தாய்?"

"நீங்க காலைப் பாப்பீங்கல்லா, அதுக்கு." அவள் இரண்டு பாதங்களையும் முன்னால் நீட்டினாள். உப்பில் ஊறி வெளுத்த பாதங்கள். ஆனால் வெடிப்பு ஆறியிருந்தது. நகங்கள் சீராக வெட்டப்பட்டிருந்தன. "எங்க ஆத்தா போன பொறவு எங் காலை யாரும் தொட்டதில்லம்மா. கட்டினவன்கூடத் தொட்டதில்ல. நீங்க மடியில வச்சுத் தொடச்சீங்க. தண்ணிச் சூட்டை முழங்கை வச்சுப் பாக்கச் சொன்னீங்க. செருப்பைக் கவுத்து உதறிட்டுப் போடச் சொன்னீங்க. உப்புப் பாத்தியிலேருந்து ஏறினதும் நல்ல தண்ணியில கழுவச் சொன்னீங்க. எல்லாம் செஞ்சேன். செய்யாட்டி அடுத்த மாசம் நீங்க காலைப் பிடிச்சுப் பாக்கும்போது வெக்கமா இருக்கும்லா?"

"எனக்கும் அப்படித்தான்" என்றாள் சண்முகக்கனி.

இன்னாசிமுத்து தன் காலையும் முன்னால் நீட்டினார். அவருக்குப் பக்கத்தில் மைதீனும் நீட்டினார். எல்லோரும் ஒருவர் காலை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆவுடைநாயகிக்கு மறந்துபோன நன்றி அப்போதுதான் வெளியே வந்தது. கண்ணாடி முன் பழகிய சொற்களில் ஒன்றுகூட அதில் இல்லை.

"நீங்க எல்லாரும் வேலையை விட்டுட்டு வந்தீங்க. என்னன்னு தெரியாத மாத்திரையை என்னை நம்பி முழுங்கினீங்க. நான் உங்களுக்கு நல்லது செய்யறதா நினைச்சுக்கிட்டு இருந்தேன். நீங்கதான் எனக்குப் பாடம் நடத்தியிருக்கீங்க. ரொம்ப நன்றி."

கையெடுத்துக் கும்பிட்டார். பேச்சித்தாய் பதறி எழுந்து அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள். "எங்களைப் போயிக் கும்பிடுதீங்களேம்மா!" என்றாள். ஆனால் பிடித்த கையை விடவில்லை.

எல்லோரும் கிளம்பிப் போக நேரமாயிற்று. மைதீன் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, டீ தண்ணியாக இருந்ததாகவும், அடுத்த முறை தன் கடையிலிருந்தே கொண்டுவருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

கூடம் காலியானதும் ஆவுடைநாயகி டம்ளர்களைப் பொறுக்கினார். பெனிட்டா பெஞ்சுகளை நகர்த்தினார்.

"மேடம், இப்பவும் ஒண்ணு புரியலை."

"என்ன?"

"மாத்திரை குணமாக்கலைன்னு என்னால எழுத முடியும். நான் காலைக் கழுவினதுதான் குணமாக்கிச்சுன்னு எழுத முடியாதே. அதை நான் சோதிக்கலையே. மாத்திரைன்னா சீட்டுல எழுதிக் கொடுத்துடலாம். இதை எப்படி எழுதிக் கொடுக்கறது?"

பெனிட்டா தன் கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். சிவப்பு மாத்திரை. பாதி காலியாகியிருந்தது. ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு மருந்துக் கழிவுக் கூடையில் போட்டார்.

ஆவுடைநாயகி டம்ளர்களைக் கீழே வைத்தார். "மேடம், உங்களுக்கா?"

"காலேஜ்ல படிக்கும்போதே சர்க்கரை வந்துடுச்சு. எரிச்சல் ஆறு வருஷமா இருக்கு."

"யார்கிட்டயும் சொன்னதில்லையே!"

"டாக்டருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறோம். யார் உட்கார்ந்து பார்க்கறாங்க?"

"அப்ப அந்த முடிவைப் பார்த்தப்போ..."

"மாத்திரை ஜெயிக்கணும்னு உங்களைவிட நான்தான் அதிகமா வேண்டிக்கிட்டேன்."

ஆவுடைநாயகி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பேரை வாய்விட்டுப் படிக்கச் சொன்ன ஆள் இவர்தான். அன்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பெனிட்டா நோயாளிகள் உட்காரும் நாற்காலிக்குப் போனார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். புடவையைக் கணுக்காலுக்கு மேலே சற்றுத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆவுடைநாயகி உள்ளே போனார். தொட்டியில் வெந்நீர் கொண்டுவந்தார். பச்சைத் தண்ணீர் கலந்தார். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்தார்.

"எந்தக் கால் மேடம் அதிகமா எரியுது?"

"இடது கால், அக்கா" என்றார் பெனிட்டா.