பாதியில் நிறுத்திய அலசல்

"எவனோ ஒருத்தன் என் நாரைக் கெடுத்துவிட்டான், அம்மா. அவனை இந்த ஆசிரமத்தை விட்டே துரத்துங்கள்."

செங்கோடர் தாளைக் குருவின் முன்னால் போட்டார். பழுப்பேறிய தாள். மடித்த இடத்தில் அப்பளம்போல் நொறுங்கியிருந்தது.

குரு தவமணி அம்மை அவரைவிட வயதில் இளையவர். காவிரிக்கரையில் இருந்த அவருடைய ஆசிரமம் வாழைநாரில் தாள் செய்து பிழைத்தது. சீடராக வருபவர் தம் கையாலேயே நாரைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, அலசி, கூழாக அரைத்து, ஒரு தாள் வார்க்க வேண்டும். அந்தத் தாளில்தான் குரு உபதேசம் எழுதித் தருவார். தாள் தேறாவிட்டால் உபதேசம் கிடையாது.

செங்கோடர் வாழைத்தார் மண்டியில் கத்திக் கத்தியே ஆளானவர். சொன்ன விலையில் பாதிக்குக் கேட்காமல் எதையும் வாங்கியதில்லை. இன்றைக்கு உபதேசம் நிச்சயம் என்று விடியும் முன்பே குளித்துவிட்டு வந்திருந்தார்.

"யார்மேல் சந்தேகம்?" என்று கேட்டார் அம்மை.

"நார் விற்றவன் அழுகல் மட்டையைத் தலையில் கட்டியிருப்பான். இல்லாவிட்டால் சோடா அளந்து கொடுத்தவன். என்னிடம் விடுங்கள், கக்க வைக்கிறேன்."

அம்மை தொட்டியில் மிஞ்சியிருந்த கூழை ஒரு கை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"பிசையுங்கள்."

பிசைந்தார். சோப்புப் போட்டதுபோல் விரல்கள் வழுக்கின.

"சோடாக் காரம் போகவே இல்லை! அதுதான் தாளை நொறுக்கியிருக்கிறது." செங்கோடர் திரும்பினார். "அப்படியென்றால் அலசுவதற்குத் தண்ணீர் ஊற்றினவள்தான். பொன்னுருவி, இங்கே வா."

ஆசிரமத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பொன்னுருவி கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தாள்.

"தண்ணீர் தெளிகிறவரை ஊற்ற வேண்டும் என்பதுதானே இங்கே விதி? ஏன் நிறுத்தினாய்?"

"நானா நிறுத்தினேன்? தெளியறதுக்கு இன்னும் இவ்வளவு வாளி ஆகும்னு சொன்னேன். பாதியில முடின்னு நீங்கதான் ஒத்தைக்கால்ல நின்னீங்க. கத்தரிக்காய் வாங்கற மாதிரி கேட்டீங்க. எனக்கும் தோள்வலி. குடுத்துட்டேன்."

செங்கோடருக்கு நினைவு வந்தது. பேரத்தில் ஜெயித்த தெம்போடுதான் அன்று நாரை அரைக்கப் போட்டார்.

"இவள் ஒத்துக்கொண்டாளே, அம்மா," என்றார்.

"இவள் ஒத்துக்கொண்டாள். நார் ஒத்துக்கொள்ளவில்லை."

"மடிப்பில்தானே போயிற்று? மேல்பாதி முழுசாகத்தான் இருக்கிறது. அதில் கொள்கிற அளவுக்கு எழுதித் தாருங்கள். பாதி உபதேசம் போதும் எனக்கு."

பொன்னுருவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மை சிரிக்கவில்லை. பேனாவை மையில் தோய்த்து, அந்த மேல்பாதியில் ஒரே ஓர் எழுத்தைத் தொடங்கினார். முனை தாளைக் குத்திக்கொண்டு மறுபக்கம் போனது.

செங்கோடர் அந்த ஓட்டையையே பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கெடுத்தவனைத் துரத்தச் சொன்னவன் நான். சொன்ன சொல்லில் எனக்குப் பேரம் இல்லை. வருகிறேன்."

அவர் படல்வரை போய்விட்டார். அம்மையின் குரல் பின்னால் வந்தது.

"அந்த எவனோ ஒருத்தன் எங்கேயும் போகக் கூடாது. வெந்த நார் இன்னும் ஒரு தொட்டி கிடக்கிறது. அவன் வந்து அலசட்டும். இந்தத் தடவை தண்ணீரையும் அவனே இறைக்கட்டும். பேனா என் கையில்தான் இருக்கிறது. வரச் சொல்லுங்கள் அவனை."