பேதுருவுக்கு யார் முகம்?

கடலோர ஊரில் கட்டிய புதுக் கிறிஸ்தவக் கோவிலுக்குச் சிலை செதுக்கவும், சன்னல்களில் வண்ணக் கண்ணாடி ஓவியம் அமைக்கவும் வந்தவள் பிரகாசி. கண்ணாடிப் பெட்டிகள் வந்த வண்டி மணலில் புதைந்தபோது, மீனவர் நால்வர் அவற்றைத் தோளில் சுமந்து ஒரு கீறல் விழாமல் சேர்த்தார்கள். அந்த நன்றி அவள் நெஞ்சில் நிறைந்திருந்தது.

பெரிய சன்னலில், இயேசுவின் சொல் கேட்டு வீசிய மீனவர் பேதுருவின் வலை கிழிய மீன் விழுந்த அற்புதம். அந்தச் சன்னலுக்கு நன்கொடையாளர் விசைப்படகு முதலாளி லூர்து பர்னாந்து.

“பேதுருவுக்கு என் முகத்தை வைம்மா. முடியாதுன்னா வேற ஆளைப் பார்த்துக்குறேன்” என்றார்.

“தாராளமா வைக்கிறேன் ஐயா. அந்த இடத்துல பேதுரு ஆண்டவர் கால்ல விழுந்து, தான் ஒரு பாவின்னு அழுவார். ஞாயிறு தவறாம ஊரே பார்க்கும். உங்க பேரையும் கீழே எழுதிரவா?”

முதலாளி தொண்டையைக் கனைத்தார். “பேதுரு பேதுருவாவே இருக்கட்டும்.”

“வலை இழுக்கிறவங்களுக்கு?”

“உன் இஷ்டம்.”

அதற்குத்தான் காத்திருந்தாள் பிரகாசி. பெட்டி சுமந்த நால்வரையும், சட்டையில்லா மேனியோடு அப்படியே வரைந்தாள்.

ஓரத்துக் கண்ணாடி ஒன்று மட்டும் மிச்சமிருக்க, சன்னலைப் பொருத்திய காலையில், நால்வரில் மூத்தவரான சூசை அண்ணாந்து பார்த்தார்.

“என் மூக்கு இவ்வளவு கோணலா தாயி?” என்று சிரித்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மனைவி பிரகாசியின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முதலாளி சன்னலருகே வந்து அந்த நால்வரையும் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“வலை ரொம்பக் கனமாத் தெரியுதேம்மா. இழுக்க இன்னொரு ஆள் வேண்டாமா?”

பிரகாசி மனம் குளிர்ந்து சிரித்தாள்.

“வாங்க ஐயா. சட்டையைக் கழற்றிட்டு இப்படி வெளிச்சத்துல நில்லுங்க.”